பிரமிளின் ‘காவியம்’: இறகு உதிர்ந்ததா, பிரிந்ததா?

தாமிரபரணி (கேள்வி)

போன ஞாயிறு பாளையங்கோட்டையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடிக் கவிதை வாசித்தோம். என் முறை வந்தபோது கவிஞர் பிரமிளின் ‘காவியம்’ கவிதையைப் பார்க்காமலே சொன்னேன். எல்லோருக்கும் தெரிந்த ஆறு வரிதான்:

சிறகிலிருந்து பிரிந்த
இறகு ஒன்று
காற்றின்
தீராத பக்கங்களில்
ஒரு பறவையின் வாழ்வை
எழுதிச் செல்கிறது

ஆனால் நான் சொன்னது ‘சிறகிலிருந்து உதிர்ந்த’. அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “தாயி, அங்க ‘பிரிந்த’ன்னுல்லா இருக்கு” என்றார். (அண்ணாச்சி கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், கவிஞர். இங்கே ‘ஏட்டுக்கட்டு’ என்ற பெயரில் எழுதுகிறார்.) வீட்டுக்கு வந்து பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். பத்து வருடத்துக்கு முன்னால் என் கையாலேயே ‘உதிர்ந்த’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அத்தனை வருடமும் வேறொரு கவிதையைத்தான் மனசில் வைத்திருந்தேன் என்று நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

பேச்சில் யாரும் இறகு பிரிந்தது என்று சொல்வதில்லை, உதிர்ந்தது என்றுதான் சொல்கிறோம். அப்புறம் ஏன் ‘பிரிந்த’? இன்னொன்று, ‘பக்கங்கள்’ என்பது புத்தகத்தின் பக்கம் மட்டும்தானா? அன்றைக்கு நேரமாகிவிட்டதால் கேட்க முடியவில்லை. அண்ணாச்சி, மற்றவர்களும் சொல்லுங்கள்.

ஏட்டுக்கட்டு

தாயி, உன் நாக்கு வழக்கத்தைச் சொல்லிவிட்டது. கவிஞர் வழக்கத்தை விட்டு விலகிய இடம் அது.

இலை உதிரும், பூ உதிரும், முடி உதிரும். காலம் வந்தால் தானாக நடப்பது. பிரிவது மனிதர்கள். அகப்பாட்டில் பாலைத் திணைக்கு உரிப்பொருளே பிரிதல்தான். குறளில் ‘பிரிவாற்றாமை’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ‘பிரிந்த’ என்று போட்டதும் இறகுக்கும் சிறகுக்கும் நடுவில் ஓர் உறவு வந்துவிடுகிறது. ‘பிரிவு’ என்ற தனிச்சொல்லோ அழுகையோ எதுவும் இல்லாமல், ஒரு பெயரெச்சத்திலேயே அது நடக்கிறது.

முதல் இரண்டு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார். சிறகு, இறகு. ‘சிறகு’ என்ற சொல்லிலிருந்து ‘ச்’ என்ற ஒரு மெய் கழன்றால் ‘இறகு’. சிறகிலிருந்து இறகு பிரிவதை அர்த்தம் சொல்வதற்கு முன்னால் ஒலியே செய்து காட்டிவிடுகிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் கரும்பலகையில் ‘சிறகு’ என்று எழுதி, முதல் எழுத்தை மட்டும் அழித்து ‘இ’ போடுவேன். பின் பெஞ்சில் இருக்கிற பையன்கூட நிமிர்ந்து பார்ப்பான்.

பக்கத்தைப் பற்றி ராத்திரி எழுதுகிறேன்.

கொட்டியாரம்

நான் திருகோணமலை. பிரமிள் பிறந்ததும் இங்கேதான், 1939இல். எங்கட பேச்சில் சிறகைச் செட்டை என்றுதான் சொல்லுவோம். ‘செட்டையிலிருந்து’ என்று எழுதியிருந்தால் ஐயா சொன்ன அந்த ஒலி விளையாட்டு இல்லாமல் போயிருக்கும், இல்லையா?

ஆனால் எனக்கு ‘பிரிந்த’ வேறு மாதிரிக் கேட்கிறது. இளம் வயதிலேயே சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழில் எழுதத் தொடங்கியவர், பிறகு தமிழ்நாட்டுக்குப் போனார். வாழ்க்கையின் பெரும்பகுதி அங்கேயே கழிந்தது. 1997இல் காலமானார், வேலூர்ப் பக்கம் கரடிக்குடியில் அடக்கம். ஊரை விட்டுப் போன பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்த ஊர் இது. இந்த வரியை வாசிக்கும்போது எனக்கு அந்த முகங்கள்தான் வருகின்றன.

ஏட்டுக்கட்டு

தம்பி, நீங்கள் அப்படிக் கேட்பதை நான் மறுக்க மாட்டேன், அது உங்கள் காது. ஆனால் கவிதைக்குள் அந்தக் கதையை நான் கொண்டுபோக மாட்டேன். ‘தன் பறவையின்’ என்று அவர் எழுதவில்லை, ‘ஒரு பறவையின்’ என்று விட்டுவிட்டார். எந்தப் பறவை என்று இறகுக்கே கவலையில்லை. கவிஞரின் வாழ்க்கையை வைத்துப் பூட்டினால் அந்த ‘ஒரு’ வீணாகிவிடும்.

சரி, பக்கம். நம் மரபில் எழுதுவது எழுத்தாணியால், ஓலையில். இறகால் எழுதும் பழக்கம் மேற்கிலிருந்து வந்தது. தனித்தமிழ்க்காரர்கள் பேனாவைத் தூவல் என்கிறார்கள். தூவல் என்றாலும் இறகுதான். ஆக இறகு எழுதுவதில் வியப்பு குறைவு. எனக்கு வியப்பு, அது எதில் எழுதுகிறது என்பதில்தான். வடமொழியில் ‘பக்ஷம்’ என்றால் சிறகு. சிறகு உடையது பக்ஷி, நாம் சொல்லும் பட்சி. நம் ‘பக்கம்’ அந்தச் சொல்லுக்கு உறவு. சிறகை விட்டுப் பிரிந்த இறகு, காற்றில் மறுபடி ஒரு சிறகின் மேலேயே எழுதிக்கொண்டு போகிறது! இதைக் கவிஞர் நினைத்தாரா என்று கேட்காதே தாயி. சொல்லுக்குள் அது இருக்கிறது, எனக்கு அது போதும்.

தாமிரபரணி

அண்ணாச்சி, சிறகு வரைக்கும் என்னால் வர முடியவில்லை. அது அகராதியைத் திறந்தால்தான் கிடைக்கிறது, வாசிக்கும்போது கிடைக்கவில்லை. இதில் நான் உங்களோடு உடன்படவில்லை. ஆனால் உங்கள் பதிலைப் படித்துவிட்டு இன்று காலை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் புறா இறகு கிடக்கும். ஒரு பெரிய இறகு, தண்டு தடித்தது. இன்னொன்று விரல் நீளம், அடியில் பஞ்சு மாதிரி மென்மையானது. இரண்டையும் கைப்பிடிச் சுவரில் நின்று விட்டுப் பார்த்தேன்.

பெரியது சுழன்று சுழன்று நேராகக் கீழே போய் விழுந்தது. சின்னது இந்தப் பக்கம் ஒரு வளைவு, நின்று, அந்தப் பக்கம் ஒரு வளைவு. ஒவ்வொரு வளைவும் ஒரு வரி மாதிரி, வரி முடிகிற இடத்தில் லேசாகத் திரும்பியது. அப்போதுதான் எனக்கு ‘பக்கங்களில்’ புரிந்தது. புத்தகத்துப் பக்கமும் இடப்பக்கம் வலப்பக்கமும் அங்கே ஒன்றாகவே இருந்தன. ‘எழுதுகிறது’ என்று நிறுத்தாமல் ‘எழுதிச் செல்கிறது’ என்று முடித்ததும் அந்த இறகைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

இரண்டாவது மாடி உயரத்தில் காற்று வந்து அதை எதிர்வீட்டு முருங்கைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனது. எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை.