செள்ளை என்ற பெயரின் பொருள் அறிய உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் பிறந்த என் மகளுக்கு என் பூட்டியின் பெயரான செள்ளை என்பதையே சூட்ட விரும்புகிறேன். பழைய நிலப் பத்திரத்தில் அப்படித்தான் தெளிவாக எழுதியிருக்கிறது; ஆனால் அது செல்லம்மாள் என்பதன் எழுத்துப் பிழை என்கிறார் என் பெரியப்பா. குறுந்தொகையின் 210ஆம் பாடலைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் பெயரிலும், பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பதிகம் சேர மன்னன் இளஞ்சேரல் இரும்பொறையின் தாயாகக் கூறும் அந்துவஞ்செள்ளையின் பெயரிலும் இதே ளகரம் இருப்பதால், பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நச்செள்ளையின் முதலெழுத்து, நப்பின்னை, நக்கீரர் ஆகிய பெயர்களில் போலச் சிறப்பைக் குறிப்பது. எஞ்சும் செள்ளைக்குப் பொருள் என்ன, அதன் வேர் எது? சங்க இலக்கியம் பயின்றவர்களும், சேலம் வட்டாரத்தில் இப்பெயர் கொண்ட பாட்டிமார்களை அறிந்தவர்களும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். அடுத்த மாதம் பெயர்சூட்டு விழா.