பொருள்: டயர் சூடேறி ஆறுவதற்கு ஒரு சொல் வேண்டும்

சென்னையிலிருந்து:

குழுமத்தாருக்கு வணக்கம்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்க வரும் புதியவர்களுக்காகத் தமிழில் ஒரு சின்னக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். போட்டி கிடையாது, கோப்பை கிடையாது. கட்டணம் கட்டினால் ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது நிமிடம் என்று பகல் முழுக்கச் சில தடவை தடத்தில் விடுவார்கள். அந்த நாளுக்குத் 'தடநாள்' என்று பெயர் போட்டுவிட்டேன். பிரேக், ஹெல்மெட், கொடி நிறங்கள் எல்லாம் எழுதியாயிற்று. டயர் அத்தியாயத்தில் 'ஹீட் சைக்கிள்' குறுக்கே வந்து நிற்கிறது.

தடத்தில் வேகமாக வளைக்கும்போதும் பிரேக் அடிக்கும்போதும் டயரின் ரப்பர் நெளிந்து மீண்டு, நெளிந்து மீண்டு சூடாகிறது. ஓரளவு சூடானால்தான் நல்ல பிடிப்பு வரும். பிட்டுக்கு (தடத்தின் ஓரத்தில் வண்டிகளை நிறுத்திக் கவனிக்கும் இடம்) வந்து நிறுத்தினால் ஆறும். இப்படி ஒருமுறை ஏறி ஆறுவது ஒரு ஹீட் சைக்கிள். இதை ஏன் எண்ண வேண்டும் என்றால், ஆலையில் கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பரின் வேக்காடு ஆலையோடு முற்றிலும் முடிந்துவிடுவதில்லை. பிறகு சூடாகும் ஒவ்வொரு முறையும் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் பிணைப்பு விழுகிறது. மென்மைக்காகச் சேர்த்த எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. ரப்பர் இறுகிப்போகிறது. புதியவர் டயரைப் பார்த்து "பட்டன் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறதே" என்பார். மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளைத்தான் பட்டன் என்கிறோம். பட்டன் இருக்கும், பிடிப்பு இருக்காது.

பக்கச்சுவரில் அச்சடித்திருக்கும் தேய்மான எண்ணும் இதைச் சொல்லாது. டோயோ ஆர்888ஆர் டயரில் 100 என்றும் யோகோஹாமா அட்வான் ஏ052-இல் 200 என்றும் இருக்கும். சாதாரணச் சாலை டயர்களில் முந்நூறு, நானூறு, அதற்கு மேலும் பார்க்கலாம். ஒப்பீட்டு டயர் ஒன்றுக்கு 100 என்று வைத்து, அதோடு சேர்த்து ஓட்டிப் பார்த்து, தயாரிப்பாளரே தன் டயருக்குத் தருகிற எண் அது. ஒரு நிறுவனத்தின் 200-ஐயும் இன்னொரு நிறுவனத்தின் 200-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. எத்தனை முறை சூடேறி ஆறினால் இந்த டயர் இறுகும் என்பதற்கு அதில் ஒரு குறிப்பும் இல்லை. அதனால் ஓட்டுகிறவர்தான் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். எழுதச் சொல்ல எனக்கு ஒரு சொல் வேண்டும்.

'வெப்பச் சுழற்சி' என்று போட்டுப் பார்த்தேன், பிடிக்கவில்லை. இயந்திரவியல் படித்தவருக்கு அது எஞ்சின் சமாசாரம். படிக்காதவருக்கோ எது சுழல்கிறது என்ற சந்தேகம் வரும். டயர் வேறு எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கிறது. 'வெப்பச் சுற்று' இன்னும் மோசம். தடத்தில் ஒரு முழு வட்டம் வருவதைத்தான் எல்லாரும் சுற்று என்கிறோம். "நான்கு சுற்று முடிந்தது" என்று பிட்டில் ஒருவர் சொன்னால் எதை எடுத்துக்கொள்வது?

உங்கள் கருத்து தேவை.

தஞ்சாவூரிலிருந்து:

அன்புடையீர், வணக்கம்.

டகரம் மொழிக்கு முதலில் வராது என்பதை நினைவூட்டிவிட்டு உள்ளே வருகிறேன். உருளிப்பட்டை என்று எழுதினால் என்ன குறைந்துபோகும்? சரி, அது வேறு வழக்கு. அதை இந்த இழையில் இழுக்கவில்லை.

கேட்ட பொருளுக்குத் தமிழில் ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது: புடம். சித்த மருத்துவத்தில் பற்பமும் செந்தூரமும் செய்யும்போது மருந்தை அரைத்து வில்லை தட்டி, அகலில் வைத்துச் சீலைமண் செய்து (மண் பூசிய துணியால் வாயை மூடி), வறட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். முழுக்க ஆறிய பிறகே எடுப்பார்கள். மறுபடி அரைத்து மறுபடி தீ. ஒவ்வொன்றும் ஒரு புடம்; எத்தனை புடம் என்று எண்ணித்தான் சொல்வார்கள். சூடேறுதல், ஆறுதல், எண்ணிக்கை என்று நீங்கள் கேட்ட மூன்றும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. சூட்டின் அளவுக்கு ஏற்ப வகைப்பெயரும் உண்டு. காடைப்புடம் சிறியது, கஜபுடம் பெரியது. மெதுவாக ஓட்டிய நாளுக்கு ஒன்று, முரட்டடியாக ஓட்டிய நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

டொராண்டோவிலிருந்து:

வணக்கம் ஐயா, வணக்கம் எல்லாருக்கும்.

யாழ்ப்பாணத்தார் நாங்கள் 'ரயர்' என்று எழுதுவோம். ரகரமும் மொழிக்கு முதலில் வராது என்று ஐயா அடுத்த மடலில் சொல்லத்தான் போகிறார், ஆகவே முன்கூட்டியே தலைகுனிகிறேன்.

புடம் அழகான சொல். ஆனால் எனக்கு அதில் ஒரு இடறல். புடம் போட்டால் பொருள் உயரும். புடம் போட்ட தங்கம் என்கிறோம், துன்பத்தில் புடம் போடப்பட்டவர் என்கிறோம். ரயருக்கு நடப்பது நேர்மாறு. "இந்த ரயர் பதினைந்து புடம் கண்டது" என்று விற்பனை விளம்பரத்தில் போட்டால், விஷயம் தெரியாத பெடியன் கூடுதல் விலை கொடுத்து வாங்கிவிடுவான்.

அதேநேரம், புடம் கச்சிதமாகப் பொருந்துகிற இடம் ஒன்றும் இருக்கிறது. தடத்துக்கென்று வாங்கிய புது ரயரை முதல் தடவையே முழு வேகத்தில் வதைக்கக் கூடாது என்பது இங்கே மூத்த ஓட்டுநர்கள் சொல்லித்தரும் முறை. சில சுற்றுகள் மிதமாகத் தொடங்கி, படிப்படியாக வேகம் கூட்டி, நல்ல சூடு வந்ததும் உள்ளே வந்துவிட வேண்டும். பிறகு அந்த ரயரைக் குறைந்தது 24 மணிநேரம் தொடக் கூடாது. அந்த ஓய்வில் ரப்பரின் உட்பிணைப்புகள் சீராக அமைகின்றன, பிடிப்பு நெடுநாள் நிற்கிறது என்பார்கள். ரயரை விற்கும்போதே இதை எந்திரத்தில் செய்து தருகிற கடைகளும் உண்டு. ஆங்கிலத்தில் இதற்கும் 'ஹீட் சைக்கிள்', ரயரை இறுக்கிக் கொல்லும் மற்றதற்கும் அதே 'ஹீட் சைக்கிள்'. புதியவர்கள் குழம்புவது இங்கேதான். "ஹீட் சைக்கிள் நல்லதா கெட்டதா?" என்று கேட்பார்கள். முதலாவது நல்லது, மீதி எல்லாம் செலவு. நாங்கள் தமிழில் எழுதும்போது அந்தக் குழப்பத்தையும் சேர்த்து ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்? முதலாவதைப் புடம் என்போம். மற்றதற்கு வேறு சொல் தேடுவோம்.

கையேட்டில் ஒரு வரி சேர்க்க முடிந்தால், ஆறுவது வேறு, உறைவது வேறு என்றும் எழுதுங்கள். இங்குள்ள மோஸ்போர்ட் பந்தயத் தடத்தில் பனிக்காலத்தில் ஓட்டம் இல்லை; ரயர் கராஜில் கிடக்கும். தடத்துக்கான மென்ரப்பர் கடுங்குளிரில் விறைத்துவிடும். அந்த நிலையில் அதை உருட்டினாலோ போட்டு அடித்தாலோ வெடிப்பு விழும். சென்னையில் இந்தக் கவலை இல்லை என்பது தெரியும், ஆனால் உங்கள் கையேட்டை இங்கேயும் வாசிப்போம்.

கோவையிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பக்கம் பைக் வேலை பார்க்கிறவன், இலக்கணம் தெரியாது. பிட்டில் எங்கள் பசங்க பேசுவது "டயர் செத்துப்போச்சு" என்பதுதான். எண்ணிக்கைக்கு யாரும் சொல் வைத்திருக்கவில்லை. கேட்டால் "ஆறேழு தடவை ஓட்டியிருக்கு" என்பார்கள்.

நடை என்று வைத்தால் என்னங்க? மணல் இரண்டு நடை அடித்தோம், தண்ணீர் நாலு நடை எடுத்தோம் என்கிறோம். போய்த் திரும்பினால்தான் அது ஒரு நடை. பாதி வழியில் நின்றால் நடைக்கணக்கு கிடையாது. டயரும் சூட்டுக்குப் போய்த் திரும்பி வருகிறது. சூட்டு நடை.

எதை ஒரு நடையாக எண்ணுவது என்பதையும் எழுதிவிடுங்கள், ஏனென்றால் இங்கேதான் ஆளாளுக்கு ஒரு கணக்கு. பைக்கில் டயர் போர்வை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மின்சாரத்தில் சூடாகும் உறை அது, 80 டிகிரி அளவில் பிடித்து வைக்கும். காலையில் போர்த்தி, ஓட்டி வந்ததும் மறுபடி போர்த்தி, சாயங்காலம்தான் கழற்றினால் டயர் நடுவில் ஆறவே இல்லை. ஐந்து தடவை தடத்துக்குள் போயிருந்தாலும் நடை ஒன்றுதான். தேய்மானம் அஞ்சு தடவைக்கும் உண்டு, அதை மறக்கக் கூடாது. போர்வை இல்லாமல் ஓட்டி, மதியச் சாப்பாட்டுக்குப் போய் நிதானமாக வந்து, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய டயரை மறுபடி எடுத்துப் போனால் அது இரண்டாவது நடை.

இன்னொன்று, டயர் வாங்கப் போகிறவர்களுக்கு. வீட்டிலிருந்து நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் ஓட்டி வந்து, தடத்தில் ஓட்டி, அதே டயரில் திரும்பிப் போகிறவர் ரொம்ப மெத்தென்ற பந்தய டயர் போடுவது வீண். நேர்ச்சாலையில் பின்டயரின் நடுப்பகுதி தட்டையாகிவிடும், அப்புறம் வளைவில் சாய்க்கும்போது ஒரு விளிம்பைத் தாண்டுகிற மாதிரி இருக்கும். மழையில் இன்னும் சிரமம். இரண்டுக்கும் ஒரே டயர் என்றால் நல்ல ஸ்போர்ட் டயர் போதுமுங்க. முதல் வருஷத்துக்குப் பிடிப்பு குறைந்த டயர்தான் நல்ல வாத்தியார். நழுவப் போகிறது என்று முன்னாலேயே சொல்லிவிட்டு நழுவும்.

சென்னையிலிருந்து:

கோவை அண்ணனுக்கு ஒரு கும்பிடு. எண்ண முடிகிற சொல், பிட்டில் சத்தத்துக்கு நடுவே கத்திச் சொன்னாலும் காதில் விழுகிற சொல். எனக்கு அது போதும். டொராண்டோ நண்பர் பிரித்துக் காட்டியபடி இரண்டாகவே வைத்துக்கொள்கிறேன். முதல் தடவை வேண்டுமென்றே சூடேற்றி ஒரு நாள் ஆறவிடுவது புடமிடல். அதன் பிறகு வேலைச்சூடு வரை ஏறி, சுற்றுப்புறச் சூட்டுக்குத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் சூட்டு நடை. புடமிட்டதும் கணக்கில் முதல் நடையாகவே சேரும், இல்லாவிட்டால் நோட்டில் குழப்பம் வரும். காடைப்புடம், கஜபுடம் பிரிவை மட்டும் விட்டுவிடுகிறேன், ஐயா மன்னிக்க வேண்டும். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கஜபுடம் என்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

இப்போது 'வேலைச்சூடு' என்று எழுதினேன் இல்லையா, அதை 'பதச்சூடு' என்று மாற்றலாமா? டயர் நன்றாகப் பிடிக்கிற வெப்ப எல்லை அது. அதற்குக் கீழே ரப்பர் விறைப்பு, மேலே போனால் மசகு தடவியது போல வழுக்கும். வெல்லப்பாகு கிண்டுகிறவருக்குப் பதம் தப்புவது இரண்டு பக்கமும் உண்டு என்பது தெரியும். இங்கேயும் அப்படித்தான்.

கையேட்டில் இந்தச் சொற்களை வைத்து எழுதிய பத்தியை அப்படியே தருகிறேன், நாக்கில் தடுக்கும் இடத்தைச் சொல்லுங்கள்:

"காலையில் டயர் ஆறியிருக்கும்போது காற்றழுத்தம் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், ஓட்டி முடித்துப் பிட்டுக்கு வந்த உடனே பார்க்கிற அழுத்தம். உள்ளே இருக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். 30 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி, உட்காற்று 30 டிகிரியிலிருந்து 70-க்குப் போனால் 36-ஐத் தொட்டுவிடும். நைட்ரஜன் அடித்தாலும் இதே கணக்குதான். அதில் ஈரம் இல்லை என்பது மட்டுமே லாபம். ஆகவே சூட்டில் எவ்வளவு வர வேண்டும் என்று முதலில் முடிவுசெய்துவிட்டு, காலையில் அதற்கு ஏற்றபடி குறைத்து வையுங்கள். அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் திரும்ப அடித்துக்கொள்ளுங்கள்.

"டயர் பதச்சூட்டில் இருக்கிறதா என்று பார்க்க, ரப்பருக்குள் ஊசியைக் குத்தி அளக்கும் வெப்பமானி நல்லது. தூரத்திலிருந்து சுட்டிப் பார்க்கும் கருவி மேற்பரப்பை மட்டுமே காட்டும், அது பிட்டுக்கு வருவதற்குள் ஆறிவிடுகிறது. காரில் டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் குத்துங்கள். நடு மட்டும் அதிகச் சூடு என்றால் காற்று அதிகம். இரு விளிம்பும் சூடாக இருந்து நடு ஆறியிருந்தால் காற்று குறைவு. உள்விளிம்பு மட்டும் அதிகச் சூடு என்றால் சக்கரம் அளவுக்கு மீறி உள்பக்கம் சாய்ந்திருக்கலாம்.

"கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி டயரையும் பிரேக்கையும் ஆறவிடுங்கள். வந்து நின்றதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பிறகு நோட்டில் தேதி, டயர், எத்தனையாவது சூட்டு நடை என்று ஒரு வரி எழுதுங்கள். பழைய டயர் வாங்கும்போது பட்டனைப் பார்ப்பதோடு நிற்காமல் எத்தனை நடை கண்டது என்று கேளுங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 1423 என்றால் 2023-ஆம் ஆண்டின் 14-ஆம் வாரம் செய்தது. விற்கிறவர் நடைக்கணக்கைச் சொல்லத் தயங்கினால் விரல் நகத்தால் ரப்பரை அழுத்திப் பாருங்கள். நகம் பதியாத பந்தய டயருக்குப் பணம் கொடுக்காதீர்கள்."

தஞ்சாவூரிலிருந்து:

பத்தி நன்று. பதச்சூடு எனக்கு முழு உடன்பாடு.

சூட்டு நடை என்று இடம் விட்டு எழுத வேண்டாம், சூட்டுநடை என்று சேர்த்தே எழுதுங்கள். பிரித்தால் முதற்சொல் தனியே நின்று, சிலர் அதைச் 'சூடு நடை' ஆக்கிவிடுவார்கள். மாட்டுவண்டி, ஆட்டுப்பால் போல ஒற்று இரட்டித்தே ஆக வேண்டும். நகரம் மிகாது. எண்ணும்போது 'சூட்டு' தேவையில்லை: மூன்று நடை, நான்கு நடை. 'புடமிடல்' சரி, வினையாக வருகையில் 'புடமிட்ட டயர்' என்று எழுதலாம். 'புடம் போட்ட டயர்' என்றால் டொராண்டோ நண்பர் அஞ்சிய அந்தத் தங்கம் திரும்ப வந்துவிடும்.

டொராண்டோவிலிருந்து:

ஐயாவே 'டயர்' என்று தட்டச்சு செய்துவிட்டார். குழுமம் குறித்துக்கொள்க.

சூட்டுநடை, பதச்சூடு, புடமிடல் மூன்றுக்கும் என் ஒப்புதல். 'பட்டன்' இங்கே யாருக்கும் விளங்காது, கையேட்டில் முதல் இடத்தில் மட்டும் 'டயரின் பூக்கட்டைகள்' என்றோ வேறு எப்படியோ ஒரு விளக்கம் போட்டுவிடுங்கள். அதற்கு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் தனி இழை திறக்கலாம்.