வீட்டுக்குள் வளரும் முயலுக்கு எதைப் பரப்பலாம்?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை அருகே எங்கள் வீட்டு அறைக்குள் ஒன்றரை வயதான, ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள பெண் முயலை வளர்க்கிறோம். 3 வாரங்களாக அது அடிக்கடி தும்முகிறது. பின்னங்கால் பாதங்களில் முடி உதிர்ந்து தோல் சிவந்திருக்கிறது. தீனியிலும் புழுக்கையிலும் மாற்றம் இல்லை. தூசியும் ஈரமும் மூத்திர நெடியுமே காரணமாக இருக்கலாம் என்று கூறிய கால்நடை மருத்துவர், கீழே பரப்பும் பொருளை மாற்றச் சொன்னார்.

முதலில் மரப்பட்டறையிலிருந்து ரப்பர் மர இழைப்புச் சுருள் வாங்கிப் பரப்பினோம். தூசி பறந்ததோடு, ரப்பர் பலகையைப் பூச்சி அரிக்காதிருக்கப் போராக்ஸ் என்ற வேதிப்பொருளின் கரைசலை ஏற்றுவதுண்டு என்று அறிந்ததும் அதை அன்றே அகற்றிவிட்டேன். செய்தித்தாள் உடனே நனைந்து பாதத்தில் ஒட்டுகிறது. வைக்கோலோ இந்த மழையின் ஈரத்தில் இரண்டே நாளில் பூசணம் பிடித்துவிட்டது. பூனைகளுக்கான, ஈரம் பட்டால் கட்டியாகும் களிமண் எளிதில் கிடைத்தாலும், முயல் அதைத் தின்றால் குடலில் உப்பி அடைத்துவிடக்கூடும் என்பதால் வாங்கவில்லை. இப்போது விரித்திருக்கும் பருத்தித் துணியையும் அது கடிப்பதால், நூலை விழுங்கிவிடுமோ என்று இரவில் எழுந்து எழுந்து பார்க்கிறேன்.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் நம் மாவட்டத்தில், ஈரத்தை உறிஞ்சி, கொறித்தாலும் தீங்கு செய்யாத எந்தப் பொருளை, நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வாங்கி, நீங்கள் உங்கள் முயலுக்குப் பயன்படுத்துகிறீர்கள்?