பெரிய ஆர்டர் வந்திருக்கிறது. இரண்டாவது கொட்டகை போடலாமா?

கேள்வி:
ஆத்தங்குடியில் ஆறு பேரை வைத்துப் பூக்கல் (தரையில் பதிக்கும் பூ வேலைப்பாட்டுக் கல்) பட்டறை நடத்துகிறேன். இதுவரை வீடு கட்டுவோருக்கும், பழைய வீட்டைச் செப்பனிடுவோருக்கும் மட்டுமே கல் கொடுத்துவந்த எனக்கு, சென்னைக் கட்டுமான நிறுவனம் ஒன்றிடமிருந்து ஓராண்டு விற்பனைக்கு ஈடான ஆர்டர் வந்துள்ளது. முன்பணம் பத்து விழுக்காடு. மீதி தொண்ணூறு நாள் கழித்து. கடன் வாங்கிப் பட்டறையைப் பெருக்கலாமா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், காரைக்குடி):
கடனைவிடத் தொண்ணூறு நாள் என்பதே எனக்கு உறுத்துகிறது. நான் பார்த்தவரை, நொடித்துப்போன சிறு தொழில்களில் பல, ஆர்டர் இல்லாமல் நொடிக்கவில்லை. விற்ற சரக்குக்குப் பணம் வருமுன் சனிக்கிழமைக் கூலி வந்து நின்றதால் நொடித்தன. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, இருவரும் எழுதி ஒப்புக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் தவணை செல்லாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டியைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு. சரக்கு ஏற்றுமுன், இத்தகைய தொழில்களுக்கான அரசுப் பதிவான உதயம் பதிவை முடித்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. வழக்காடி வாங்குவது வேறு கதை. ஆனால் பேரம் பேசும்போது இந்தச் சட்டம் கையில் இருக்கட்டும்.

மறுமொழி 2 (பட்டறைக்காரர், ஆத்தங்குடி):
கொட்டகை போட்டுவிட்டால் கல் பெருகாது. வண்ணம் ஊற்றிய கல், இறுகும்வரை வார்த்த கண்ணாடியின் மேலேயே கிடக்க வேண்டும். பிறகு தண்ணீர்த் தொட்டி, பிறகு வெயிலில் உலர்த்தல். சூளை இல்லாத தொழில் என்பதால் மழை மாதங்களில் நாள்கணக்கு நம் கையில் இல்லை. கண்ணாடி எத்தனை, தொட்டி எத்தனை, பூ ஊற்றத் தெரிந்த கை எத்தனை என்று எண்ணிவிட்டு நாள் குறியுங்கள். கண்ணாடி வாங்கலாம், கை வளர ஆண்டுகள் ஆகும்.

மறுமொழி 3 (தேவகோட்டை):
ஒரே இடத்தில் முதலைப் போடுவதில் இந்த மண்ணுக்குப் பட்டறிவு உண்டு. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு, அங்கே வட்டிக்குப் பணம் விட்ட நம் செட்டிநாட்டு நகரத்தார் கைக்கு வந்தது. வட்டிக்கு விட்ட பணம் விற்கமுடியாத வயலாகிப் பின்னர் அதுவும் போயிற்று. அவர்களோ ஐந்தொகை (வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாம் சேர்ந்த கணக்கு) எழுதுவதில் வல்லவர்கள். ஆகவே பழைய வாடிக்கையை விட்டுவிடாதீர்கள். ஆர்டரில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
நன்றி. நாற்பது விழுக்காடு முன்பணமும், லாரிக்கு லாரி கணக்குத் தீர்ப்பதும் கேட்டு எழுதியிருக்கிறேன். கொட்டகை இப்போதைக்கு வேண்டாம். ஒரு தொட்டி கட்டி, பூ ஊற்றப் பழக இரண்டு பிள்ளைகளைச் சேர்க்கிறேன்.