எட்டாவது கதை என்று நம்பிப் பிரித்தேன்

ஹாரி பாட்டர் நாடகப் புத்தகமான 'கர்ஸ்டு சைல்டு' பற்றி மூன்று பேர் பேசுகிறோம், நானே ஆரம்பிக்கிறேன். 2007 ஜூலையில் ஏழாவது ஹாரி பாட்டர் புத்தகத்தை முடித்தபோது எனக்குப் பதினாறு வயது. கடைசியில் ஹாரி தன் பிள்ளையை ரயிலேற்றி விடுகிறானே, அதோடு மனசு நிறைந்துவிட்டது. அப்புறம் 2016 ஜூலை 31-ல் 'கர்ஸ்டு சைல்டு' வந்தது. எட்டாவது கதை என்று சொல்லித்தான் விற்றார்கள். அன்றே வாங்கி, வீட்டில் எல்லோரும் தூங்கும்வரை காத்திருந்து பிரித்தேன்.

நாடகப் பிரதி என்று தெரியும். ஆனாலும் பக்கத்துக்குப் பக்கம் பெயர், வசனம், நடுவில் சாய்வெழுத்தில் ஒரு வரி என்றே ஓடியது. பழைய புத்தகங்களில் ஹாரிக்குப் பயம் வந்தால் எனக்கும் வயிற்றைப் பிசையும். இதில் அவன் மனசில் இருப்பதை அவனே வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு.

சரி, கதையாவது? மூன்றாம் புத்தகத்தில் டைம் டர்னர் என்ற காலப்பயணக் கருவி சில மணி நேரம்தான் பின்னால் கூட்டிப்போகும். ஐந்தாவதில் மந்திர அமைச்சகத்தில் நடந்த சண்டையில், அங்கே இருந்த டைம் டர்னர் அத்தனையும் நொறுங்கியது. இங்கே புதிதாக ஒன்று முளைத்து, வருடக்கணக்கில் பின்னால் போகிறது. அதைவிட, செட்ரிக்! நாலாவது புத்தகத்தில் ஹாரியோடு மந்திரப் போட்டியில் மோதியவன். இங்கே மாறிப்போன காலத்தில், அந்தப் போட்டியில் ஊர் முன்னால் அவமானப்பட்டதற்காக வில்லன் வால்டமார்ட் பக்கம் போய்விடுகிறானாம். போட்டியாளனான ஹாரியிடமே, அடுத்த சுற்றின் ரகசியம் அடங்கிய தங்க முட்டையைக் குளியலறைக்கு எடுத்துப்போகச் சொல்லித் துப்புக் கொடுத்த பையன் அவன்.

ரயிலில் தின்பண்டம் விற்கும் கிழவி ஞாபகம் இருக்கிறதா? ஓடும் ரயிலின் கூரைமேல் நின்று பூசணிப் பலகாரத்தை வெடிகுண்டாக வீசுகிறாள், கைகள் கூர்முனைகளாகின்றன. அங்கேதான் புத்தகத்தைக் கவிழ்த்து, எழுதியது யார் என்று இன்னொரு முறை அட்டையைப் பார்த்தேன். கதை மூன்று பேர் சேர்ந்து போட்டது, நாடகமாக எழுதியவர் ஜாக் தோர்ன். ஹாரியின் பள்ளிக்கூட எதிரி மால்ஃபாயின் மகன் ஸ்கார்பியஸ் மட்டும் தங்கம். அவன் இல்லையென்றால் முடித்திருக்கவே மாட்டேன்.

—

நானும் படித்துவிட்டுத் திட்டியவள்தான். பிறகு லண்டன் பேலஸ் தியேட்டரில் நாடகத்தின் இரண்டு பாகத்தையும் பார்த்தேன். டைம் டர்னரைத் திருப்பும் நொடியில் மேடையே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளிகிறது. எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. இதைப் பிரதியில் எங்கே தேடுவது? பார்க்கச் செய்ததைப் படிக்கக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம். கிளம்பும்போது ரகசியத்தைக் காப்பாற்றச் சொல்லி ஒரு பேட்ஜும் தந்தார்கள். ஆனால் ஒன்று, செட்ரிக் விஷயம் மேடையிலும் ஜீரணமாகவில்லை.

—

எனக்கு ஹாரியின் நண்பன் ரான்தான் பிரச்சினை. முதல் புத்தகத்தில் செஸ் பலகையில் தன்னையே வெட்டுக்கொடுத்தவன், இதில் வரும்போதெல்லாம் ஜோக்கடித்துவிட்டுப் போகிறான். இரண்டாம் அங்கத்தோடு நிறுத்திவிட்டேன். தம்பி இரவல் வாங்கிப் போனான். நான் திருப்பிக் கேட்கவில்லை, அவனும் கொண்டு வரவில்லை.