வாடகை மோட்டார்ஹோமில் டுக்டொயாக்டுக் வரை, 16 நாள் போதுமா?

பனிக்காற்று கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நானும் மனைவியும் கல்கரியில் இருக்கிறோம். பிள்ளைகள் இரண்டு பேரும் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். கல்யாணமாகி 28 வருஷத்தில் நாங்கள் இருவர் மட்டும் நீண்ட பயணம் என்று ஒன்று போனதே இல்லை. இந்த ஆகஸ்டில் 16 நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்திருக்கிறது. 25 அடி மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, டாசன் கிரீக்கில் அலாஸ்கா நெடுஞ்சாலையைப் பிடித்து, லியார்ட் வெந்நீர் ஊற்று, வாட்சன் லேக், வைட்ஹார்ஸ் எல்லாம் பார்த்துக்கொண்டே போய், அப்புறம் வடக்கே ஆர்க்டிக் பக்கம் போகும் டெம்ப்ஸ்டர் சாலையில் ஏறி, டுக்டொயாக்டுக்கில் ஆர்க்டிக் கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது என் பல வருஷத்து ஆசை. மனைவிக்கும் ஆசைதான், ஆனால் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நடுவழியில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது?" என்னிடம் பதில் இல்லை. மோட்டார்ஹோம் ஓட்டிய அனுபவம் என்றால் பான்ஃப் வரை ஒருமுறை போய்வந்தது மட்டும்தான். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

கூழாங்கல் எழுதியது:

அண்ணா, அண்ணி கேட்டதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. நானும் என் கணவரும் எட்மன்டனிலிருந்து இரண்டு தடவை வடக்கே போயிருக்கிறோம், அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். கல்கரியிலிருந்து டாசன் கிரீக் கிட்டத்தட்ட 890 கிலோமீட்டர், அங்கிருந்து வைட்ஹார்ஸ் 1,420, அடுத்து டெம்ப்ஸ்டர் பிரியும் இடம் வரை 490, டெம்ப்ஸ்டரில் இனுவிக் வரை 740, கடைசியாக டுக்டொயாக்டுக்குக்கு இன்னும் 138. போக மட்டும் ஏறக்குறைய 3,700. திரும்பவும் அதே தூரம். 16 நாளில் ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் தினம் 460 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், மொத்தத் தூரத்தில் 1,750 கிலோமீட்டர் கிராவல் ரோடு, அதாவது தார் போடாத சரளைக்கல் ரோடு. அண்ணியோடு பேசிக்கொண்டே போகலாம் என்று கிளம்பிவிட்டு, சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் இருவரும் படுத்துத் தூங்கிவிடுவீர்கள்.

எங்கள் முதல் பயணத்தில் அதுதான் நடந்தது. மன்சோ ஏரி பக்கம் ஸ்டோன் ஆடுகள் எனும் காட்டு மலையாடுகள் ரோட்டிலேயே நின்று உப்பை நக்கிக்கொண்டிருந்தன. ஒரு குட்டி எங்கள் பம்பருக்கு முன்னால் முழங்காலை மடித்து மண்ணை நக்கியது, அவ்வளவு கிட்டத்தில். ஃபோர்ட் நெல்சனில் பெட்ரோல் போடத் தாமதமானதால் ஐந்து நிமிஷம்கூட நிற்காமல் கிளம்பினோம். இன்றைக்கும் எனக்கு அது மனக்குறைதான். லியார்டிலும் அப்படித்தான், சதுப்பு நிலத்துக்கு மேல் போட்ட மரப்பாதையில் நடந்துபோய் வெந்நீரில் இறங்கி, உடம்பு இளகுவதற்குள் ஏறி வந்துவிட்டோம். இரண்டாவது தடவை அங்கேயே இரண்டு ராத்திரி தங்கினோம். பயணம் என்று நான் இப்போது நினைத்துக்கொள்வது அந்த இரண்டு ராத்திரியைத்தான்.

என் யோசனை: டெம்ப்ஸ்டரில் 71-வது கிலோமீட்டரில் டூம்ஸ்டோன் பூங்கா முகாம் இருக்கிறது, அதுவரை மட்டும் போங்கள். ஆகஸ்ட் கடைசி வாரம் என்றால் தரையெல்லாம் செக்கச்செவேலென்று இருக்கும். ஜூனில் கொசுத் தொல்லை, ராத்திரியும் இருட்டாது. ஆகஸ்ட் பாதிக்கு மேல் இருட்டத் தொடங்கிவிடும், வானம் தெளிவாக இருந்தால் வட ஒளியும் தெரியும்.

இரட்டைச்சக்கரம் எழுதியது:

லாரி ஓட்டுகிறவன், வைட்ஹார்ஸுக்குச் சரக்கு கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். ஆசையைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை, வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

வாடகை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். பெரும்பாலான மோட்டார்ஹோம் வாடகைகளில் டெம்ப்ஸ்டர் என்று பெயரைப் போட்டே தடை எழுதியிருப்பார்கள். தடையை மீறிப் போனால் இன்ஷூரன்ஸ் கிடையாது, இழுத்துவரும் செலவு முழுக்க உங்கள் தலையில் விழும். டூம்ஸ்டோன் வரைக்கும்கூட எழுத்தில் அனுமதி வாங்காமல் போகாதீர்கள். ஸ்பேர் டயர் இருக்கிறதா என்று கேளுங்கள், பல வாடகை வண்டிகளில் இருக்காது. டெம்ப்ஸ்டரில் கிடக்கும் ஷேல் எனும் தகட்டுக் கல் கத்தி மாதிரி, டயரைக் கிழிக்கும். தூசி அடங்க கால்சியம் குளோரைடு போடுகிறார்கள், அது மழையில் சோப்புத் தண்ணீர்போல் வழுக்கும், காய்ந்தால் அடிப்பாகத்தில் சிமென்டாக இறுகிவிடும். வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கும் நிலம் உருகாமல் இருக்க, சாலையையே கனமான கிராவல் மெத்தைமேல்தான் போட்டிருக்கிறார்கள்.

பெட்ரோல்: டெம்ப்ஸ்டர் தொடக்கத்திலிருந்து ஈகிள் ப்ளெயின்ஸ் வரை 369 கிலோமீட்டருக்கு ஒரு பங்க் கிடையாது. அலாஸ்கா நெடுஞ்சாலையிலும் பாதி டாங்க் ஆனதும் நிரப்பிவிடுங்கள். டாங்க் கால் பங்குக்கு இறங்கினால் பெரும்பாலான மோட்டார்ஹோம்களில் ஜெனரேட்டர் தானாக நின்றுவிடும், ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம்.

உங்கள் வீட்டு அம்மா கேட்டதற்குப் பதில் இது. ஊரைத் தாண்டினால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு செல்போன் சிக்னல் இருக்காது. ஐஃபோன் 14 முதல் செயற்கைக்கோள் எஸ்.ஓ.எஸ். வசதி வந்திருக்கிறது, ஆனால் 62 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே அது வேலை செய்யாமல் போகலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. வைட்ஹார்ஸ் 61 டிகிரிக்குச் சற்றுக் கீழே, டாசன் சிட்டி 64. அதாவது, மிகவும் தேவைப்படும் இடத்தில் அதை நம்ப முடியாது. கார்மின் இன்ரீச் போல இரிடியம் செயற்கைக்கோளில் ஓடும் கருவி ஒன்றை வாங்குங்கள், அது துருவம் வரை எடுக்கும். கிளம்புமுன் கல்கரியிலேயே ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள், மனைவிக்கும் கற்றுக்கொடுங்கள். மயங்கிக் கிடப்பது நீங்களாகவும் இருக்கலாம்.

தூரதேசம் எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 71-வது கிலோமீட்டரில் திரும்பியவர்கள் டெம்ப்ஸ்டரைத் தொட்டார்கள், அவ்வளவுதான். ஆர்க்டிக் வட்டக் கோட்டைத் தாண்டி, பீல் ஆற்றையும் மெக்கன்சி ஆற்றையும் ஃபெரியில் கடந்து, இனுவிக்குக்கு அப்பால் மரமே இல்லாத வெளியில் பிங்கோ எனும், உள்ளே பனிக்கட்டி இருக்கும் மண்குன்றுகளை முதன்முதலாகப் பார்க்கும்போது என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள், ரொம்ப நேரம் இருவரும் பேசவில்லை. டுக்டொயாக்டுக் பக்கத்தில் இருக்கும் இப்யுக் பிங்கோ 49 மீட்டர் உயரம். அந்தக் கடைசி 138 கிலோமீட்டர் ரோடு 2017 நவம்பரில்தான் திறந்தார்கள், அதற்கு முன் குளிர்காலத்தில் பனிமேல் போடும் சாலை மட்டும்தான்.

ஆனால் நாங்கள் போனது சொந்த பிக்கப்பில், 26 நாள் எடுத்துக்கொண்டு. ஆற்றில் வெள்ளம் ஏறினால் ஃபெரி நின்றுவிடும், ஃபோர்ட் மக்ஃபெர்சனில் ஒன்றரை நாள் காத்திருந்தோம். 16 நாளில் அந்த ஒன்றரை நாளுக்கு இடம் இல்லை. இப்போது உங்களால் முடியாது என்றால் விட்டுவிட வேண்டாம், தள்ளிவையுங்கள். கிராவலுக்கு அனுமதி தரும் பிக்கப் வைட்ஹார்ஸில் வாடகைக்குக் கிடைக்கும், இன்னொரு வருஷம் அதற்கென்றே விமானத்தில் போகலாம்.

பனிக்காற்று எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. இரவு மேப்பை விரித்து வைத்து இருவரும் பேசினோம். டுக்டொயாக்டுக் அடுத்த முறைக்கு. வாடகைக் கம்பெனியிடம் கேட்டதில் டெம்ப்ஸ்டருக்கு அனுமதியே இல்லை, 71 கிலோமீட்டருக்கும் இல்லை. அதனால் வைட்ஹார்ஸ் தாண்டி க்ளுவானே ஏரி வரை போகலாம் என்று மனைவி சொல்கிறாள். அங்கே ரோடு எப்படி?

கூழாங்கல் எழுதியது:

நல்ல முடிவு அண்ணா. ஏரி வரை தார் ரோடு, பயமில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம், டெஸ்ட்ரக்‌ஷன் பே தாண்டினதும்தான் ரோடு அலை அலையாக எழும்பி இறங்கும். கீழே உறைந்த நிலம் உருகி அமுங்குவதால் வருவது அது. ஓரத்தில் சின்னக் கொடி நட்டிருந்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள், மோட்டார்ஹோமில் பின்சக்கரத்துக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதிதான் தூக்கிப்போடும். நாங்கள் அதில் ஒரு தடவை வேகமாக ஏறி இறங்க, மேல் அலமாரி திறந்து துவரம்பருப்பு பாட்டில் விழுந்து, கண்ணாடியும் பருப்புமாகத் தரையில் கிடந்தது. கண்ணாடி பாட்டில் எதுவும் எடுத்துப்போகாதீர்கள், அலமாரிக் கதவுகளுக்கு வார்ப்பட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

ஏரியின் தெற்கு முனையில் வரண்ட மணல்வெளி தெரியும், காற்றடித்தால் மேகம்போலத் தூசி எழும். காஸ்கவுல்ஷ் பனியாறு பின்வாங்கியதால் 2016-ல் உருகுநீர் வேறு பக்கம் திரும்பி, ஏரிக்கு வந்துகொண்டிருந்த ஸ்லிம்ஸ் ஆறு சில நாளிலேயே வற்றிப்போனது. ஏரியின் மட்டமும் இறங்கிவிட்டது. அண்ணியை அங்கே இறங்கி நின்று பார்க்கச் சொல்லுங்கள்.