வீடு விற்க எந்த மாதம் சரி? எங்களுக்கு நடந்தது

எங்கள் வீட்டை மழைக்காலத்தில்தான் விற்பனைக்கு விட்டோம். வேலை மாற்றல் வந்துவிட்டதால் காலம் பார்க்கத் தோன்றவில்லை. முதலில் வந்தவர் அறைகளைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்பக்க அறைக்குப் போய், சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். ஓதம் ஏறியிருந்தது. ஜன்னல் ஓரத்தில் பெயின்ட் உப்பிக்கொண்டு நின்றது. தினமும் பார்த்துப் பழகிய எங்கள் கண்ணுக்கு அது படவே இல்லை.

அடுத்து வந்த 4 பேரும் அந்தச் சுவரைப் பற்றித்தான் பேசினார்கள். 2 மாதம் கழித்து விலையைக் குறைத்தோம். ஆட்கள் கூடுவார்கள் என்று பார்த்தால், "இத்தனை நாளாக ஏன் போகவில்லை?" என்ற கேள்விதான் கூடியது. விளம்பரம் பழசாகப் பழசாக வீட்டின் மேல் சந்தேகம் படிந்துவிடுகிறது. அதற்கப்புறம் எந்த விலை சொன்னாலும் எடுபடுவதில்லை.

சரி என்று விளம்பரத்தை எடுத்துவிட்டோம். கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் ஓர் இணைப்பில் விட்டுப்போயிருந்தது. அதை மாற்றி, சுவர் முழுக்கக் காயும் வரை பொறுத்திருந்து பெயின்ட் அடித்தோம். ஈரத்தின் மேல் அடித்தால் மறுபடி உரிந்துவிடும். "வெயில் காலத்தில் காட்டினால் போதுமே, யாருக்குத் தெரியப்போகிறது" என்று சொந்தத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வாங்க வருகிறவர் பல வருடச் சேமிப்பைக் கொண்டு வருகிறார். பழுது பார்த்த பில்லைக் கேட்காமலே எடுத்துக் காட்டினோம்.

இரண்டாவது முறை நாள் குறித்தது பள்ளியை வைத்து. பிள்ளைகள் இருக்கும் குடும்பம் புதிய வகுப்பு தொடங்குவதற்குள் குடிபோக நினைக்கும். விலை பேசி, பத்திரம் சரிபார்த்து, வங்கிக் கடன் கிடைத்து, சாவி கைமாறுவதற்குள் சில மாதங்கள் ஓடிவிடும். அதனால் பள்ளி திறக்கும் நாளிலிருந்து பின்னோக்கி 5 மாதம் எண்ணி விளம்பரம் கொடுத்தோம். 3 வாரத்தில் பேசி முடிந்தது. வாங்கிய அம்மா முதலில் கேட்டதே "எப்போது காலி செய்வீர்கள்?" என்றுதான்.

* * *

மேலே எழுதியவருக்கு நடந்ததற்கு நேர்மாறாக எங்களுக்கு நடந்தது. வசந்த காலம்தான் விற்க உகந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். பூமியின் வடபாதியில் அது மார்ச் முதல் மே வரை, தென்பாதியில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. பகல் நீளும், தோட்டம் பூக்கும், பார்க்க வருகிறவர்களும் அதிகம். ஆனால் விற்கிறவர்களும் அதே சமயத்தில்தான் வருகிறார்கள். எங்கள் தெருவிலேயே இன்னும் 5 வீடுகள் விற்பனைக்கு இருந்தன. வந்தவர்கள் எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் குளிர்காலத்தில் விற்றோம். வந்ததே 2 பேர்தான், அதில் ஒருவர் வாங்கிவிட்டார். அவருக்கு வேறு ஊரில் புது வேலை, உடனே வீடு வேண்டும். அந்த நேரத்தில் கிளம்பி வருகிறவர் சும்மா வேடிக்கை பார்க்க வருவதில்லை. தோட்டம் காய்ந்துதான் கிடந்தது, ஆனால் பூத்திருந்தபோது எடுத்த படங்கள் கையில் இருந்தன. வீடு விற்கும் எண்ணம் இருந்தால் இப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

நாங்கள் நல்ல சீசனில் நல்ல விலைக்கு விற்றோம். ஆனால் அதே சீசனில் இன்னொரு வீடு வாங்க வேண்டியிருந்தது, அதுவும் ஏறின விலையில். கிடைத்த லாபம் அங்கே போய்விட்டது. விற்று வாங்குகிறவர்கள் இரண்டு கணக்கையும் சேர்த்தே போடுங்கள்.

முதலில் எழுதியவரிடம் ஒரு கேள்வி: பில்லைக் காட்டியதும் விலையைக் குறைக்கச் சொன்னார்களா?

* * *

சொன்னார்கள். கொஞ்சம் குறைத்தோம். மழைக்காலத்தில் நாங்களாகவே குறைத்த அளவில் பாதிகூட இல்லை.